24 வோல்ட்டின் பிடிவாதம்: பழைய ராணுவ லாரிகளுக்கு ஆல்டர்னேட்டர் தேடும் கதை

அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட எம்35 லாரியை ஏலத்தில் எடுப்பவர்கள் முதலில் டயரைத் தட்டிப் பார்ப்பார்கள். பிறகு சேஸில் துரு எதுவரை ஏறியிருக்கிறது என்று குனிந்து பார்ப்பார்கள், எஞ்சின் கிளம்பும் சத்தத்துக்குக் காது கொடுப்பார்கள். டேஷ்போர்டில் இருக்கும் பேட்டரி மீட்டரை அநேகமாக யாரும் கவனிப்பதில்லை. வண்டி வீடு வந்து சேர்ந்து, சில வாரம் நின்று, ஒரு காலையில் செல்ஃப் எடுக்காமல் மக்கர் செய்யும்போதுதான் அந்த முள் முதல் நாளிலிருந்தே மஞ்சள் கட்டத்தை விட்டு நகரவில்லை என்பது உறைக்கும்.

வேறொரு ஆல்டர்னேட்டர் வாங்கிப் பூட்டினால் போயிற்று என்று நினைப்பது இயல்பு. கார்களில் அப்படித்தான் நடக்கிறது. மாடல் பெயரைச் சொன்னால் கடைக்காரர் பெட்டியை எடுத்து நீட்டுகிறார். ராணுவ லாரியில் மாடல் பெயர் பாதித் தகவல்தான். ஒரே எம்35 குடும்பத்து லாரிகளில் ஒன்றில் 25 ஆம்பியர் டைனமோ இருக்கும், இன்னொன்றில் 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் இருக்கும், மூன்றாவதில் ஏதோ ஒரு பட்டறையில் யாரோ பூட்டிய அடையாளம் தெரியாத ஒன்று இருக்கும். இந்த வண்டிகளோடு பல காலம் மல்லுக்கட்டியவர்கள் சொல்வது ஒன்றுதான்: பொருள் கிடைப்பது கஷ்டமில்லை, வண்டியின் மின் அமைப்பு எந்தப் பொருளை ஏற்கும் என்று தெரிந்துகொள்வதுதான் கஷ்டம்.

அந்த மின் அமைப்பு எப்படி உருவானது என்பதிலிருந்து தொடங்கலாம். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப் 6 வோல்ட் வண்டி. ஹாஃப்-டிராக்குகள் 12 வோல்ட்டில் ஓடின, டாங்கிகள் 24 வோல்ட்டில். ஒரே படைப்பிரிவில் மூன்று வகை பல்புகளும் மூன்று வகை பேட்டரிகளும் சுமக்க வேண்டியிருந்தது. போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவம் இந்தக் குழப்பத்தை ஒரேயடியாக ஒழித்தது. 1950-களின் தொடக்கத்தில் வந்த எம்38 ஜீப், எம்37 டாட்ஜ், ரியோ நிறுவனம் வடிவமைத்த இரண்டரை டன் எம்35, ஐந்து டன் எம்54 எல்லாம் 24 வோல்ட். 12 வோல்ட்டோடு ஒப்பிட்டால் அதே சக்திக்குப் பாதி மின்னோட்டம் போதும், ஆகவே வயரின் தடிமன் குறையும். குளிரில் உறைந்த எஞ்சினைச் சுழற்ற ஸ்டார்ட்டர் மோட்டாருக்குத் தெம்பு கூடும். ரேடியோக்களும் அதே மின்னழுத்தத்தில் ஓடும். இன்னொரு ஆதாயமும் இருந்தது. தண்ணீர் புகாதபடி மூடப்பட்ட ஒரே 25 ஆம்பியர் டைனமோ ஜீப்பிலிருந்து பெரிய லாரி வரை பலவற்றுக்கும் பொருந்தியது. ஜீப்பிலிருந்து கழற்றி லாரியில் மாட்டலாம். சப்ளை அதிகாரிக்கு இதைவிட இனிப்பான செய்தி இருக்க முடியாது.

டைனமோவின் குறை எல்லாருக்கும் தெரிந்தது. அது உற்பத்தி செய்யும் மின்சாரம் முழுவதும் கார்பன் பிரஷ் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஏறக்குறைய ஒன்றுமே தராது. நாள் முழுக்க நின்ற இடத்திலேயே ரேடியோ பேசிக்கொண்டிருக்கும் ராணுவ வண்டிக்கு இது பெரிய தொல்லை. ஆல்டர்னேட்டரில் கணக்குத் தலைகீழ்: சுழலும் ரோட்டருக்குள் போவது சில ஆம்பியர் மட்டுமே, பெரிய மின்னோட்டம் அசையாமல் நிற்கும் ஸ்டேட்டரிலிருந்து வருகிறது. அதை நேர்மின்னோட்டமாக்க 6 டயோடுகள். லீஸ்-நெவில் போன்ற நிறுவனங்கள் 1940-களிலேயே வண்டிகளுக்கு ஆல்டர்னேட்டர் செய்தன என்றாலும், அன்றைய செலினியம் ரெக்டிஃபையர் இடத்தையும் சூட்டையும் ஏகத்துக்கும் கேட்டது. சிலிக்கான் டயோடு மலிவான பிறகே வழி திறந்தது. கிறைஸ்லர் 1960-ல் வேலியண்ட் காரோடு ஆல்டர்னேட்டரைச் சாதாரண வாடிக்கையாளரிடம் கொண்டுபோனது. ராணுவமும் 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டருக்கு நகர்ந்தது. 24 வோல்ட் வண்டி சார்ஜ் ஆகும் 28 வோல்ட்டில் 60 ஆம்பியர் என்றால் 1,680 வாட். 14 வோல்ட்டில் ஓடும் கார் இதே சக்தியைத் தர 120 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் வேண்டும். ஆகவே 60 என்ற எண்ணைப் பார்த்து ஏளனம் செய்பவர்கள் வோல்ட்டையும் பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது.

கடையில் கிடைக்கும் 24 வோல்ட் ஆல்டர்னேட்டருக்கும் ராணுவத்தினுடையதற்கும் வேறென்ன வித்தியாசம்? மூன்று. முதலாவது தண்ணீர்: எம்35 குடும்பத்தைச் சேர்ந்த எம்35ஏ2 எந்தத் துணைக்கருவியும் இல்லாமல் சுமார் 76 சென்டிமீட்டர் ஆழத் தண்ணீரில் இறங்கும் வண்டி. தனிக் கருவித் தொகுப்பு பூட்டினால் இன்னும் ஆழம் போகும். எனவே அதில் இருக்கும் மின்கருவிகள் நனைவதைத் தாங்க வேண்டும். இரண்டாவது, ரேடியோவில் கரகரப்பு வராதபடி மின் இரைச்சலை அடக்கும் ஏற்பாடு. மூன்றாவது இணைப்பு முறை: கேபிள் முனைகள் ரப்பர் உறையோடு திருகி மூடும் வகையில் இருக்கும், ஒவ்வொரு வயரிலும் எண் பொறித்த சிறு உலோகப் பட்டை தொங்கும். அந்தப் பட்டைகளைக் கழற்றி எறிந்துவிட்டு வேலை பார்த்த முந்தைய உரிமையாளரை அடுத்தவர் மனசாரத் திட்டுவது இந்த உலகத்தில் அன்றாட நிகழ்ச்சி.

புதிது தேடுமுன் பழையது உண்மையிலேயே செத்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்படுபவர்கள்தான் அதிகம் பணம் இழக்கிறார்கள். டேஷ்போர்டு மீட்டர் மஞ்சள், பச்சை, சிவப்பு என்று நிறம் காட்டுமே தவிர எண் சொல்லாது. ஐம்பது ஆண்டு அதிர்ந்த முள் அது. அதை நம்பி எதுவும் வாங்கக் கூடாது. ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். எஞ்சின் நிற்கும்போது, தொடராக இணைத்த இரண்டு பேட்டரியும் சேர்ந்து 25 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்ட வேண்டும். எஞ்சினைக் கிளப்பிக் கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் 27.5-க்கும் 28.5-க்கும் இடையில் ஏற வேண்டும். ஏறவில்லை என்றாலும் ஆல்டர்னேட்டர் மேல் உடனே பழி போட வேண்டாம். மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் பாசிட்டிவ் முனையிலும் மறு முனையைப் பேட்டரி பாசிட்டிவ்விலும் வைத்துப் பார்த்தால் வழியில் எத்தனை வோல்ட் தொலைகிறது என்று தெரியும். அதே சோதனையை ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவ்வுக்கும் இடையில் செய்ய வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் தொலைந்தால் குற்றவாளி துருப்பிடித்த எர்த் பட்டையோ, பச்சைப் பாசி படிந்த கேபிள் முனையோதான். ராணுவம் பெயிண்ட் அடிக்கும்போது எர்த் போல்ட்டையும் சேர்த்து அடித்துவிடும் பழக்கம் உள்ளது. சுரண்டி, பளபளப்பாக்கி, இறுக்கினால் பல ‘செத்த’ ஆல்டர்னேட்டர்கள் எழுந்து உட்காரும்.

இரண்டு பேட்டரியையும் தனித்தனியாக அளப்பது அடுத்த வேலை. ஒன்று 12.7, மற்றது 11.9 என்றால் கூட்டுத்தொகை 24-ஐத் தாண்டினாலும் நிலைமை சரியில்லை. பலவீனமான பேட்டரி தன் ஜோடியையும் கெடுக்கும். பிறகு மீட்டரை மாறுமின்னோட்ட அளவுக்கு மாற்றி, எஞ்சின் ஓடும்போது பேட்டரி மேல் வைத்தால் டயோடுகளின் யோக்கியதை தெரியும். அங்கே அரை வோல்ட்டுக்கு மேல் வந்தால் ஏதோ ஒரு டயோடு போயிருக்கலாம். டயோடு ஷார்ட் ஆகியிருந்தால் வண்டி சும்மா நிற்கும்போதே இரவோடு இரவாகப் பேட்டரி இறங்கிவிடும், அதைப் பார்த்துப் பேட்டரி மேல் சந்தேகப்பட்டுப் புதுப் பேட்டரி வாங்கியவர்கள் ஏராளம்.

சோதனைகளெல்லாம் முடிந்து ஆல்டர்னேட்டர்தான் குற்றவாளி என்று உறுதியானால் தேடல் தொடங்குகிறது. இதில் முதல் திறவுகோல் நேட்டோ சரக்கு எண். 13 இலக்கம். முதல் நான்கு பொருளின் வகுப்பு. வானூர்தி அல்லாத எஞ்சின்களின் மின் பாகங்களுக்கு 2920. அடுத்த இரண்டு இலக்கம் எந்த நாடு பதிவு செய்தது என்பதைச் சொல்லும்: 00, 01 என்றால் அமெரிக்கா, 12 ஜெர்மனி, 99 பிரிட்டன். மீதி ஏழும் அந்தப் பொருளுக்கே உரியவை. புகைப்படத்தைப் பார்த்து வாங்குவதைவிட இந்த எண்ணைப் பார்த்து வாங்குவது பல மடங்கு பாதுகாப்பு. ஏனென்றால் வெளியே ஒரே மாதிரி தெரியும் இரண்டு ஆல்டர்னேட்டர்களில் ஒன்றின் எர்த் உடம்போடு சேர்ந்திருக்கும், மற்றதில் தனியாக இருக்கும். படத்தில் இது தெரியாது.

எண்ணை எங்கே கண்டுபிடிப்பது? ராணுவத் தொழில்நுட்பக் கையேடுகளில். எம்35ஏ2 வகையறாவுக்கு டி.எம். 9-2320-361, ஹம்வீக்கு 9-2320-280, பின்னால் பார்க்கப்போகும் சி.யு.சி.வி. வண்டிகளுக்கு 9-2320-289. வால் எண் 10 என்றால் ஓட்டுநருக்கானது, 20 என்றால் பிரிவுப் பட்டறைக்கானது, 34 என்றால் அதற்கும் மேலே. ‘பி’ என்ற எழுத்து சேர்ந்திருந்தால் அது பாகங்களின் பட்டியல், வெடித்துச் சிதறியது போன்ற வரைபடங்களோடு. இவ்வளவு தெளிவான ஆவணம் எந்தக் கார் கம்பெனியும் வாடிக்கையாளருக்குத் தந்ததில்லை. போதாதென்று அமெரிக்க ராணுவம் 1951 முதல் ‘பி.எஸ்.’ என்ற மாத இதழை நடத்தியது. பராமரிப்பைப் படக்கதையாகச் சொல்லும் இதழ். அதன் படங்களை ஏறக்குறைய இருபது ஆண்டு கவனித்துக்கொண்டவர் காமிக்ஸ் உலகின் மேதைகளில் ஒருவரான வில் ஐஸ்னர். பெல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதைச் சிரிக்க வைத்தபடி சொன்ன ராணுவம் வேறு எங்கும் இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

எண் கையில் இருந்தால் பொருள் மூன்று வழியில் வரும். உபரிச் சரக்கு வியாபாரிகளிடம் பெட்டி பிரிக்காத பழைய சரக்கு, பழைய வண்டியிலிருந்து கழற்றியது, பட்டறையில் புதுப்பித்தது. பெட்டி பிரிக்காதது என்ற சொல்லில் ஒரு மயக்கம் இருக்கிறது. 1980-களில் மெழுகுத் தாளில் சுற்றி வைத்த ஆல்டர்னேட்டரின் பேரிங்கில் கிரீஸ் இன்று சோப்புக் கட்டியாக இறுகியிருக்கும், பிரஷ் தன் கூட்டுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை அப்படியே பூட்டினால் சில நூறு கிலோமீட்டரில் அலறத் தொடங்கும். வாங்கிய கையோடு திறந்து, பேரிங்கையும் பிரஷையும் மாற்றிவிட்டுப் பூட்டுபவரே விவரமானவர். இன்னொரு சங்கதி: நெடுங்காலம் கிடந்த இயந்திரத்தில் ரோட்டரின் மிச்ச காந்தம் மங்கியிருக்கும். பூட்டியதும் சார்ஜ் ஏறாவிட்டால், ஃபீல்டு முனைக்கு ஒரு கணம் மின்சாரம் காட்டி எழுப்ப வேண்டியிருக்கும். கெட்ட சரக்கு என்று திருப்பி அனுப்புமுன் இதைச் செய்து பார்ப்பது நியாயம்.

உள்ளதிலேயே சிறந்த வழி, பழையதையே பழுது பார்ப்பது. பேரிங்கின் ஓரத்தில் உலகப் பொது எண் பொறித்திருக்கும், எந்தப் பேரிங் கடையிலும் கிடைக்கும். பிரஷ் அளவு சற்றுப் பெரிதாகக் கிடைத்தால் உப்புத்தாளில் தேய்த்துச் சரிசெய்யலாம். டயோடு பிளேட், ரெகுலேட்டர் இரண்டும்தான் தேடிப் பிடிக்க வேண்டியவை. கனமான வார்ப்பு உடம்பு, தண்ணீர் புகாத மூடி, சரியான பிராக்கெட் துளைகள், எல்லாம் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, எதற்கும் பொருந்தாத புதுசை வாங்கிப் பிராக்கெட் வெட்டி வெல்டிங் வைப்பவர்களின் கணக்கு புரிவதில்லை.

ஆனாலும் எல்லாப் பழசையும் காப்பாற்ற முடியாது. ஸ்டேட்டர் எரிந்து, ரோட்டர் தண்டு தேய்ந்து போனால் வணிக லாரிகளுக்கான 24 வோல்ட் ஆல்டர்னேட்டரைப் பூட்டுவது கௌரவக் குறைவு இல்லை. ஆற்றில் இறங்கப் போவதில்லை, ரேடியோ இல்லை என்றால் மூடப்பட்ட உடம்புக்கும் இரைச்சல் அடக்கத்துக்கும் அவசியமில்லை. டெல்கோ, லீஸ்-நெவில், பாஷ், மூன்றின் 24 வோல்ட் வகைகளும் ஏராளமாகச் சந்தையில் உள்ளன. கனரக வண்டிகளில் புழங்கும் ஜே180 என்ற பொருத்து அளவை ஒட்டியவற்றைத் தேர்ந்தெடுத்தால் பிற்காலத்தில் வேறு கம்பெனிச் சரக்கும் அதே பிராக்கெட்டில் உட்காரும்.

இங்கே பலர் சறுக்குவது புல்லியில். எம்35ஏ2-வின் மல்டிஃபியூல் எஞ்சின் மெதுவானது. கவர்னர் அனுமதிக்கும் உச்சம் நிமிடத்துக்கு 2,600 சுற்று, ஐடில் சுமார் 700. ஆல்டர்னேட்டர் புல்லியைவிட எஞ்சின் புல்லி இரண்டரை மடங்கு பெரிது என்று வைத்துக்கொண்டால் ஆல்டர்னேட்டர் ஐடிலில் 1,750 சுற்றும், உச்சத்தில் 6,500 சுற்றும் ஓடும். பெட்ரோல் காருக்காகச் செய்த ஆல்டர்னேட்டர் பன்னிரண்டாயிரம் சுற்றைத் தாங்கும்படி வடிவமைத்தது. அது முழு பலத்தைக் காட்டுவதும் வேகமான சுற்றில்தான். அதன் பெரிய புல்லியோடு இந்த எஞ்சினில் மாட்டினால் சந்தையில் காய்கறி இறக்கும் நேரம் முழுவதும் சார்ஜ் ஏறாது. பெயர்ப்பலகையில் 100 ஆம்பியர் என்று எழுதியிருப்பது எந்தச் சுற்றில் என்று கேட்காமல் வாங்கக் கூடாது. நல்ல தயாரிப்பாளர்கள் சுற்றுக்கும் ஆம்பியருக்குமான வளைகோட்டை வெளியிடுகிறார்கள். அதில் 1,800 சுற்றுக்கு நேரே என்ன இருக்கிறது என்பதே லாரிக்காரர் பார்க்க வேண்டிய எண்.

ஒற்றை வயர் ஆல்டர்னேட்டருக்கும் இதே கதிதான். தனி எக்ஸைட்டர் வயர் இல்லாமல் தன்னைத் தானே எழுப்பிக்கொள்ளும் வகை அது. பூட்டுவது சுலபம், ஆனால் கிளப்பியதும் ஒருமுறை ஆக்ஸிலரேட்டரை நன்றாக அழுத்தினால்தான் விழிக்கும். மெதுவான டீசல் எஞ்சினில் அந்த விழிப்புச் சுற்றை எட்டுவதற்குள் எதிர்வீட்டுக்காரரும் விழித்துவிடுவார். இக்னிஷன் சுவிட்ச் வழியாக எக்ஸைட்டர் வயர் வரும் மூன்று வயர் வகையே இங்கே உசிதம்.

ஜோடி பெல்ட்டில் ஓடும் வண்டிகளில் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று புதுசு, ஒன்று பழசு என்றால் புதுசு மட்டும் பாரம் சுமந்து சீக்கிரம் அறுந்துபோகும். புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று நேரான இரும்புப் பட்டையை எஞ்சின் புல்லி முகத்தோடு அணைத்துப் பார்ப்பார்கள். இரண்டு மில்லிமீட்டர் விலகினாலும் பெல்ட் ஓரம் நூல் நூலாகப் பிரியும். வாஷர் வைத்துச் சரிசெய்வதில் வெட்கமில்லை, வாஷர் அடுக்கு விரல் அளவு வந்துவிட்டால் தனி ஸ்பேசர் கடைந்துகொள்வது நல்லது. எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய மெக்கானிக் வித்தை மட்டும் இங்கே வேண்டவே வேண்டாம். டைனமோ காலத்தில் அது ஓடியிருக்கலாம். பேட்டரி அறுந்த நிலையில் எழும் மின்னழுத்தத் திடீர் எழுச்சி 100 வோல்ட் வரை போகலாம் என்று ராணுவத்தின் 1275 எண் கொண்ட தரவிதியே எடுத்துக்கொள்கிறது. டயோடுகள் அதற்கு நிற்காது. பேட்டரியை முனை மாற்றி இணைத்தாலும் அதே முடிவு.

தனியாகப் பேச வேண்டிய ஒரு வண்டி சி.யு.சி.வி. 1984-லிருந்து சில ஆண்டுகள் ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஷெவர்லே பிக்கப்பையும் பிளேசரையும் பச்சையடித்து, 6.2 லிட்டர் டீசல் எஞ்சினோடு ராணுவத்துக்குக் கொடுத்தது. எம்1008, எம்1009 எல்லாம் இந்தக் குடும்பம். உள்ளே இருப்பது அடிப்படையில் 12 வோல்ட் சிவிலியன் வண்டி. ஆனால் ஸ்டார்ட்டர், ரேடியோ, பிற ராணுவ வண்டிகளுக்கு உயிர் கொடுக்கும் சாக்கெட் எல்லாம் 24 வோல்ட்டாக இருக்க வேண்டும் என்பது ராணுவத்தின் நிபந்தனை. பொறியாளர்கள் கண்ட வழி: இரண்டு 12 வோல்ட் பேட்டரி தொடராக, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு 12 வோல்ட், 100 ஆம்பியர் ஆல்டர்னேட்டர். டேஷ்போர்டில் ‘ஜென் 1’, ‘ஜென் 2’ என்று இரண்டு விளக்குகள். எஞ்சினின் எரியறையைச் சூடாக்கும் குளோ பிளக்குகூட 12 வோல்ட்காரர். அவருக்கு 24 வோல்ட்டை ரெசிஸ்டர் வழியாக வடிகட்டி ஊட்டுகிறார்கள்.

இங்கே இரண்டாவது ஆல்டர்னேட்டரின் நெகட்டிவ் சேஸில் சேர்வதில்லை. அது முதல் பேட்டரியின் பாசிட்டிவ்வில், அதாவது 12 வோல்ட் உயரத்தில் மிதக்கிறது. அதனால் அந்த ஆல்டர்னேட்டரின் எர்த் உடம்பிலிருந்து பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். உதிரிபாகக் கடையில் ‘ஷெவர்லே 6.2 டீசல்’ என்று சொன்னால் கிடைப்பது உடம்பே எர்த்தாக உள்ள சாதாரண வகை. அதை இரண்டாவது இடத்தில் பூட்டி, பழைய நெகட்டிவ் பட்டையை அதன் முதுகில் திருகினால் முதல் பேட்டரி நேராக ஷார்ட் ஆகும்: பேட்டரியின் பாசிட்டிவ், பட்டை வழியாக ஆல்டர்னேட்டர் உடம்புக்கு வந்து, பிராக்கெட் வழியாக சேஸுக்குப் போய், நெகட்டிவ்வில் முடியும். பட்டையைத் திருகாமல் விட்டாலோ ரெகுலேட்டர் 24 வோல்ட்டைப் பார்த்து மிரண்டு ஒன்றுமே செய்யாது, அல்லது கருகும். புகை வந்த பிறகு ‘புது ஆல்டர்னேட்டர் மட்டமான சரக்கு’ என்று பேச்சு எழும். எர்த் பிரித்த வகையை அதற்குரிய சரக்கு எண்ணைச் சொல்லியே வாங்க வேண்டும், அல்லது பழையதைப் பழுது பார்க்க வேண்டும்.

சி.யு.சி.வி.யில் இன்னொரு வழியும் உள்ளது: ராணுவ 24 வோல்ட்டையே கழற்றிவிட்டு முழு வண்டியையும் 12 ஆக்குவது. ஸ்டார்ட்டரை 12 வோல்ட் ஷெவர்லே ஸ்டார்ட்டராக்கி, குளோ பிளக்கின் ரெசிஸ்டரை விலக்கி, இரண்டு பேட்டரியையும் இணையாகக் கட்டி, ஒரே ஆல்டர்னேட்டரில் ஓட்டலாம். பிறப்பே 12 வோல்ட் வண்டி என்பதால் இது நியாயமான மாற்றம். இதே யோசனையை எம்35-க்கு எடுத்துச் செல்வோர் பலர், அங்கேதான் கணக்கு உதைக்கிறது. ஸ்டார்ட்டர், தொட்டிக்குள் இருக்கும் எரிபொருள் பம்ப், எல்லா பல்பும், எல்லா மீட்டரும், அவற்றின் சென்டரும், ஹீட்டர் விசிறியும், டிரெய்லர் விளக்கும் மாற வேண்டும். அதற்கு மேல் அந்தப் பெரிய எஞ்சினைச் சுழற்ற 12 வோல்ட்டில் இரட்டிப்பு மின்னோட்டம் வேண்டும், அதற்கேற்பத் தடித்த கேபிள் வேண்டும். செலவைக் கூட்டிப் பார்த்தால் நல்ல 24 வோல்ட் ஆல்டர்னேட்டர் இரண்டு வாங்கியிருக்கலாம். எம்35-ஐ 12 வோல்ட்டாக மாற்றும் யோசனையை இந்தக் கட்டுரை பரிந்துரைக்கவில்லை.

பாட்டுப் பெட்டிக்கும் செல்போன் சார்ஜருக்கும் 12 வோல்ட் வேண்டுமே என்பார்கள். சுலபமான குறுக்குவழி, இரண்டு பேட்டரிகளில் எர்த் பக்கம் இருக்கும் கீழ்ப் பேட்டரியிலிருந்து மட்டும் ஒரு வயர் எடுப்பது. சில மாதத்தில் அந்தப் பேட்டரி எப்போதும் பசியில் இருக்கும், மேல் பேட்டரி எப்போதும் அஜீரணத்தில் கொதிக்கும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் சிறிய தேவைக்குப் போதும். பெரிய தேவைக்குப் பேட்டரிகளைச் சமன்படுத்தும் ஈக்வலைசர் கிடைக்கிறது, பஸ்களில் நெடுநாளாகப் புழங்கும் கருவி அது.

அட்லாண்டிக்கின் மறுபக்கமும் இதே தலைவலிதான். பிரிட்டிஷ் ராணுவத்தின் ரேடியோ பொருத்தும் லேண்ட் ரோவர்களில் 24 வோல்ட், 90 ஆம்பியர் ஆல்டர்னேட்டரும் அதற்கென்று தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் உண்டு. பெட்டி கெட்டால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருந்தும் வண்டி படுத்துவிடும், மாற்றுப் பெட்டியின் விலை பலரையும் 12 வோல்ட் மாற்றத்துக்கே தள்ளுகிறது. ஜெர்மன் ராணுவத்தின் யூனிமாக் 404-ம் 24 வோல்ட் வண்டி, அதில் பாஷ் டைனமோ. ஐரோப்பியச் சந்தையில் பாஷ் பாகங்கள் சுலபம் என்பது ஒன்றே ஆறுதல்.

ஹம்வீ வந்த பிறகு ஆம்பியர் பசி எல்லை மீறியது. 1985-லிருந்து ராணுவத்துக்குப் போகத் தொடங்கிய அந்த வண்டியில் முதலில் 60 ஆம்பியர் போதுமானதாக இருந்தது. கணினி, குளிர்சாதனம், ஜாமர் எல்லாம் ஏறியதும் 100, 200, கடைசியில் 400 ஆம்பியர். இலினாய் மாநிலத்தின் எவன்ஸ்டனில் உள்ள நீஹாஃப் நிறுவனம் இத்தகைய ராட்சத ஆல்டர்னேட்டர்களுக்குப் பெயர் பெற்றது. இப்போது அவை உபரிச் சந்தையில் மலிவாக வரத் தொடங்கியதும் எம்35 வைத்திருப்பவர்களுக்கு ஆசை வருகிறது. 28 வோல்ட்டில் 400 ஆம்பியர் 11 கிலோவாட்டைத் தாண்டும். ஆல்டர்னேட்டரின் திறன் நூற்றுக்கு எழுபது என்று தாராளமாக வைத்தாலும் எஞ்சினிலிருந்து 21 குதிரைச் சக்தி இழுக்கும். அதை இரண்டு பழைய பெல்ட்டிலும், 60 ஆம்பியருக்காகப் போட்ட வயரிலும் பூட்டினால் முதலில் பெல்ட் வழுக்கும், பிறகு வயர் சுடும். 100 ஆம்பியருக்கு மேல் எம்35-க்கு எதற்கு என்று யாரும் இதுவரை நல்ல காரணம் சொன்னதில்லை.

இந்தியாவில் நிலைமை சற்று வேறு. ஜபல்பூரில் மான் நிறுவன உரிமத்தில் 1959-லிருந்து வந்த சக்திமான் லாரிகளும், நிசானிலிருந்து வந்த ஜோங்காவும், பின்னர் அசோக் லேலண்டின் ஸ்டாலியனும்தான் ராணுவம் கழிக்கும் வண்டிகள். அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி. நடத்தும் மின் ஏலங்களில் இவை தொடர்ந்து வருகின்றன. ஜோங்காவில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: 1999-ல் தயாரிப்பு நின்ற அந்த வண்டியின் பெட்ரோல் எஞ்சின் குடிக்கும் எரிபொருளைத் தாங்காமல் பலர் டீசல் எஞ்சினுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே ஆல்டர்னேட்டர் எது என்பதை வண்டி முடிவு செய்வதில்லை, பூட்டிய எஞ்சின் முடிவு செய்கிறது. பேட்டரிப் பெட்டியைத் திறந்து எத்தனை பேட்டரி, தொடரா இணையா என்று பார்த்த பிறகே கடைக்குப் போக வேண்டும்.

ஸ்டாலியன் வைத்திருப்பவர் இந்த வகையில் கொடுத்துவைத்தவர். கனரக பஸ், லாரிகளில் பெரும்பாலானவை 24 வோல்ட் என்பதால் தமிழ்நாட்டின் எந்த மாவட்டத் தலைநகரிலும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஆல்டர்னேட்டரைக் கழற்றிக் காயில் கட்டித் தரும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் இருப்பார். ஆல்டர்னேட்டர் செய்யும், 1961-ல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். சென்னை பாடியில் இருக்கிறது. அதன் பாகங்கள் அந்த எலக்ட்ரீஷியனின் அலமாரியிலேயே இருக்கும். சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் தேடினால் உடம்பும் ஃபேனும்கூடத் தனித்தனியாகக் கிடைக்கும். எலக்ட்ரீஷியனிடம் போகும்போது பழைய ஆல்டர்னேட்டரோடு புல்லியையும் பிராக்கெட்டையும் சேர்த்து எடுத்துப் போக வேண்டும். பழைய வயர்கள் எந்த முனையில் இருந்தன என்று கழற்றுமுன் செல்போனில் எடுத்த படமும், ஐடிலில் எத்தனை சுற்று ஓடுகிறது என்ற எண்ணும் கையில் இருந்தால் அவர் கேட்கும் முதல் மூன்று கேள்விக்கும் பதில் சொல்லிவிடலாம். நான்காவது கேள்வி, எர்த் உடம்பிலா தனியா என்பதுதான். அதற்கு அவரே மீட்டரை வைத்துப் பார்த்துக்கொள்வார்.